நாலரை மணி போன்

எங்க வீட்டுக்காரரு இருக்காரே, ஆளு இல்லாத பாத்ரூம் கதவைத் தட்டிட்டுத்தான் உள்ள போவாரு. வீட்டுல இருக்கறது ரெண்டே பேரு. நான் அடுப்படியில அவரு கண்ணு முன்னாடியே நிக்கிறேன். அப்பவும் டக் டக்குன்னு ரெண்டு தட்டு தட்டி, காது குடுத்துக் கேட்டு, உள்ள யாரும் இல்லன்னு ஆன பிறகுதான் தாப்பாளைத் தொடுவாரு. ஷார்ஜாவுல எட்டு பேருக்கு ஒரு பாத்ரூமு. முப்பத்திமூணு வருஷப் பழக்கம், கை தானா போவுது. மொத வாரம் விழுந்து விழுந்து சிரிச்சேன். ரெண்டாவது மாசம் எரிச்சலா வந்துச்சு. அப்பறம் அந்தச் சத்தம் கேட்டாலே எனக்கு அழுகை வர ஆரம்பிச்சிருச்சு.

என் பேரு ரசியா பேகம். தஞ்சாவூர்ப் பக்கம் பாபநாசத்துலேருந்து ரெண்டு கிலோமீட்டர் உள்ள தள்ளி எங்க ஊரு. அவரு பேரு ஜெக்கரியா. கல்யாணமாகி நாப்பத்தஞ்சாம் நாளே சபுர் போனவரு. வெளிநாட்டுக்குப் பொழைக்கப் போறதை நாங்க அப்படித்தான் சொல்லுவோம். ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை ரெண்டு மாச லீவு. அந்த லீவையெல்லாம் கூட்டிப் பாத்தா நாங்க ஒரே கூரைக்குக் கீழ இருந்தது மூணு வருஷம்கூடத் தேறாது. இந்த வருஷம் நோன்புக்கு முந்தி விசாவைக் கேன்சல் பண்ணிட்டு ஒரேயடியா வந்துட்டாரு. மக தஹ்மீனாவைச் சென்னையில கட்டிக் குடுத்தாச்சு. இனிமே நீங்களும் நானும்தான்னு நான் புதுசா ரெண்டு டீ கப்பு வாங்கி வச்சேன். என் புத்தியைச் சொல்லணும்.

வந்த மனுஷன் வாயைத் தொறக்கல. சண்டை இல்ல, கோவம் இல்ல. "உப்பு போதுமா?"ன்னா "ம்." "சட்டையை நான் தேய்ச்சுத் தரவா?"ன்னா "நானே பண்ணிக்கிறேன்." தரையில ஒரு பிளாஸ்டிக் ஷீட்டை விரிச்சு, தன் தட்டுல தானே போட்டுச் சாப்பிட்டு, தட்டைக் கழுவித் தனியாக் கவுத்து வச்சிருவாரு. வெள்ளிக்கிழமை காலையில தன் துணியைத் தானே துவைச்சுக் காயப் போட்டுருவாரு. தண்ணி பாட்டில்ல மார்க்கர் பேனாவால பேரு எழுதி வச்சிருக்காரு, 'ஜெக்கரியா'ன்னு. யாரும்மா எடுத்துக் குடிக்கப் போறா? படுக்கை முன் ரூம்ல. கட்டில்ல ஓரமாப் படுப்பாரு, மத்தவங்களுக்கு இடம் விடற மாதிரி. பெட்டியை இன்னும் முழுசாப் பிரிக்கல. குடிக்கிறாரு, அடிக்கிறாருன்னா நாலு பேருகிட்டச் சொல்லலாம். தட்டைக் கழுவி வைக்கிறாருன்னு யாருகிட்டப் போயிப் புகார் பண்றது?

இதே மனுஷன் போன்ல எப்படிப் பேசுவாரு தெரியுமா! தெனமும் நாலரை மணி. அங்க மத்தியானம் கடை அடைச்சிருக்கற நேரம், இங்க நான் அஸர் தொழுது முடிச்சிருப்பேன். சலாம் சொல்லி முடிக்கறதுக்குள்ள சிரிப்பு வந்துரும். கடைக்கு வந்த பாகிஸ்தான் பட்டாணி எப்படிப் பேரம் பேசினான், பக்கத்துக் கட்டில்காரன் தூக்கத்துல யாரைத் திட்டினான், எல்லாத்தையும் நடிச்சுக் காட்டுவாரு. காதுல வச்சிருந்த போன் சுட்டுப் போனாலும் வைக்க மனசு வராது. அந்த ஜெக்கரியா எங்க போனாரு? அவரை எதிர்பாத்துத்தானே நான் இத்தனை வருஷம் உக்காந்திருந்தேன்? வந்து எறங்கினது யாரோ ஒரு மரியாதையான வாடகைக்காரரு.

ஆடி மாசக் கடைசியில தஹ்மீனா போன் பண்ணினா. "அம்மா, அத்தா திரும்பவும் ஷார்ஜா போறாங்களாம். அத்தாகூட வேலை பாத்த சித்தீக் மாமா அதே கடையில விசா எடுத்துத் தர்றேன்னு சொல்லிருக்காங்களாம். உங்ககிட்டச் சொல்லலையா?" எனக்கு வந்த கோவத்துக்குப் போனைத் தூக்கி அடிச்சிருப்பேன். ஒரு சுவரு தள்ளி உக்காந்திருக்கற மனுஷன், சென்னையில இருக்கற மகளுக்குச் சொல்லி, அவ எனக்குச் சொல்றா. அறுபது வயசுல போறாரு. போனா இனிமே எங்க, எப்படின்னு யாருக்குத் தெரியும்? சித்தீக்குக்குச் சரியா இல்லையான்னு நாலு வாரத்துல பதில் சொல்லணுமாம்.

தஹ்மீனாதான் தஞ்சாவூர்ல ஒரு இடத்தைச் சொன்னா. குடும்பத்துப் பிரச்சினைக்குக் கவுன்சிலிங் பண்றவங்களாம். எனக்கென்ன பைத்தியமான்னு கத்தினேன். அவரு எழுந்து சட்டையைப் போட்டுக்கிட்டாரு. எது சொன்னாலும் கேட்டுக்கறது அவரு பழக்கம். ரெண்டு பஸ்ஸு மாறிப் போனோம்.

மாடியில ஒரு சின்ன ரூமு. மலர்க்கொடின்னு பேரு, முப்பது வயசு தாண்டியிருக்காது. திருவிடைமருதூர்ப் பக்கத்துல ஒரு கிராமமாம், அப்பா அம்மா ரெண்டு பேரும் வயல் வேலைதானாம். "நான் டாக்டர் இல்லம்மா, மருந்து எழுத மாட்டேன். ஏதாச்சும் ஒரு வேலை குடுப்பேன். கிறுக்குத்தனமாத் தெரியும். ஆனா அப்படியே செய்யணும்"ன்னுச்சு அந்தப் பொண்ணு.

அப்பறம் கேட்டுச்சு: "ரெண்டு பேரும் கடைசியா எப்ப நல்லாப் பேசிக்கிட்டீங்க?"

நான் மூச்சை இழுத்து என் புகாரையெல்லாம் கொட்ட ரெடியானேன். அதுக்குள்ள அவரு சொன்னாரு, தலையைக் குனிஞ்சுக்கிட்டே. "பிப்ரவரி பதினெட்டு. ஏர்போர்ட்லேருந்து கூப்பிட்டேன். ஃப்ளைட் ஏற முந்தி."

தேதியைக்கூட ஞாபகம் வச்சிருக்காரு. அப்ப அவருக்கும் தெரிஞ்சிருக்கு.

மலர்க்கொடி அந்த நாலரை மணிப் போனைப் பத்தியும் எங்க ஊரு வழியைப் பத்தியும் கேட்டுத் தெரிஞ்சுக்கிச்சு. "சரி. இன்னியிலேருந்து வீட்டுக்குள்ள ஒரு வார்த்தை பேசக்கூடாது. ரெண்டு பேருமே. உப்பு வேணும்னாலும் கையைத்தான் காட்டணும். ஐயா, நீங்க தெனமும் நாலரை மணிக்கு வீட்டை விட்டுக் கிளம்பி குடமுருட்டிப் பாலத்துக்குப் போயி, அங்கேருந்து அம்மாவுக்குப் போன் பண்ணணும். கால் மணி நேரம். அம்மா வீட்டுலேருந்து எடுத்துப் பேசணும்."

"ஏம்மா," நான் பொறுக்க மாட்டாமக் கேட்டேன், "பேச மாட்டேங்கறாருன்னுதானே உங்ககிட்ட வந்தோம்? பேசாதன்னு சொல்றதுக்கு ஒரு படிப்பா?"

"ஆமாம்மா, அதுக்கு அஞ்சு வருஷம் படிச்சேன்"ன்னு சிரிச்சுச்சு.

இவரு மட்டும் ரொம்ப யோசனையாச் சொன்னாரு. "பாலத்துல டவர் நல்லாக் கிடைக்கும்."

மறுநாள் நாலு இருபதுக்குச் செருப்பை மாட்டிக்கிட்டுக் கிளம்பினாரு. நான் ஜன்னல் வழியாப் பாத்துக்கிட்டே நின்னேன். இது என்ன கூத்துன்னு தலையில அடிச்சுக்கிட்டேன். நாலரைக்கு மணி அடிச்சுச்சு. பேரைப் பாத்ததும் முந்தானையைச் சரி பண்ணிக்கிட்டேன், புதுப் பொண்ணு மாதிரி.

"அஸ்ஸலாமு அலைக்கும். ரசியா, சாப்பிட்டியா?"

அல்லாவே! அதே குரல். அரை கிலோமீட்டர் தூரத்துலேருந்து என் புருஷன் திரும்பி வந்துட்டாரு. ஆத்துல தண்ணி செம்மண் கலரா ரெண்டு கரையும் தொட்டுப் போவுதுன்னாரு. சம்பா நடவுக்கு வந்த மிஷினு சேத்துல மாட்டிக்கிட்டு ஏழு பேரு தள்ளறாங்க, எட்டாவதா ஒருத்தன் தள்ளாம ஐடியா சொல்லிக்கிட்டே நிக்கிறான்னு அவன மாதிரியே பேசிக் காட்டினாரு. நான் சிரிச்ச சிரிப்புல பக்கத்து வீட்டு ஷிஃபா எட்டிப் பாத்தா. கால் மணி நேரத்துக்கு மேல முப்பத்தஞ்சு நிமிஷம் கூடுதலா ஆயிருச்சு. அஞ்சரை மணிக்குக் கேட்டைத் தொறந்து உள்ள வந்தாரு. பேசாமச் செருப்பைக் கழட்டினாரு, பாத்ரூம் கதவை ரெண்டு தட்டு தட்டினாரு. நான் அடுப்படியில போயி முந்தானையை வாயில வச்சுக்கிட்டு அழுதேன். போன்ல வந்தவரு வீட்டுக்கு வரலையே.

ஆனா ஒண்ணு சொல்லணும். பேசக்கூடாதுன்னு ஒரு ஆளு சட்டம் போட்ட பிறகு வீட்டுல அந்தப் பேசாமை முன்ன மாதிரி கனக்கல. உப்புக்கு இவரு ரெண்டு விரலைச் சேத்துத் தேய்ச்சுக் காட்டினாரு. நான் வேணும்னே சக்கரை டப்பாவை எடுத்து வச்சேன். ஒரு நாள் பால் பொங்கறதைப் பாத்துட்டு "ஏ!"ன்னு கத்திட்டு, சட்டுன்னு தன் வாயைத் தானே பொத்திக்கிட்டாரு, வகுப்புல மாட்டிக்கிட்ட புள்ள மாதிரி. நான் திரும்பி நின்னு சிரிச்சேன்.

வாரா வாரம் தஞ்சாவூர் போனோம். வாரா வாரம் அந்தப் பொண்ணு தூரத்தைக் குறைச்சுச்சு. ரெண்டாவது வாரம் பள்ளிவாசல் குளத்தங்கரையிலேருந்து. மூணாவது வாரம் தெருமுனைக் கடையிலேருந்து, அப்பறம் எங்க வீட்டு மொட்டை மாடியிலேருந்து. மாடியில நின்னு பேசறப்ப போன்ல ஒரு குரலும் மேலேருந்து ஒரு குரலுமாக் கேட்டுச்சு. ரெண்டும் ஒரே குரல்தானான்னு எனக்குச் சந்தேகமா இருந்துச்சு.

விசாவைப் பத்தி அவரும் பேசல, நானும் கேக்கல. உண்மையைச் சொல்லிடறேன். எனக்குள்ள ஒரு கேடுகெட்ட நினைப்பு ஓடிக்கிட்டு இருந்துச்சு. போகட்டுமே. போயிட்டாருன்னா தெனமும் நாலரைக்கு அந்த ஜெக்கரியா வந்துருவாரு. இந்த வாடகைக்காரரு காலி பண்ணிருவாரு. இப்படி நினைச்சுட்டு, சீ, நீயெல்லாம் ஒரு பொம்பளையான்னு என்னையே திட்டிக்குவேன். போயிட்டாருன்னா மறுபடியும் இந்த வீட்டுல நான் ஒருத்தி. மிக்ஸி சத்தத்தைத் தவிர வேற சத்தம் இருக்காது. நெஞ்சு வலிச்சாலும் எழுப்ப ஆளு இல்ல. பாத்ரூமைத் தட்டறதுக்குக்கூட ஆளு இருக்காது.

நாலாவது வாரம் அவரை வெளிய உக்கார வச்சுட்டு மலர்க்கொடி என்னைத் தனியாக் கூப்பிட்டுச்சு. "அவரைப் போக விடாமத் தடுக்க முடியுமாம்மா?"ன்னு நான்தான் மொதல்ல கேட்டேன்.

"என்னால முடியாதும்மா. அவர் போனாலும் போன்ல உங்ககிட்ட நல்லாத்தான் பேசுவாரு. எனக்குப் பயமே அதுதான்." அப்பறம், "போன்ல நீங்க என்ன பேசுவீங்க? கஷ்டம் எதுவும் சொல்வீங்களா?"ன்னுச்சு.

"சபுர்ல இருக்கற ஆளுகிட்டக் கஷ்டத்தைச் சொல்லலாமா? அங்க யாரு இருக்கா அவருக்கு? கேட்டுட்டு உடனே வர முடியுமா?"

அது எங்க மாமியாரு எனக்குச் சொல்லிக் குடுத்தது. தொண்ணூத்தி ரெண்டு, பங்குனி மாசம். அவரு போயி மூணு மாசம். நான் உண்டாகியிருந்தேன். நாலு மாசம் ஆவட்டும், அப்பறம் எழுதலாம்னு மாமி சொன்னாங்க. அதுக்குள்ள ஒரு காலையில கிணத்தடியில எல்லாம் போயிருச்சு. மாமி என்னைக் குளிப்பாட்டிப் படுக்க வச்சுட்டு, பேப்பரும் பேனாவும் எடுத்துக்கிட்டு வந்து, "இதை எழுதாதம்மா. எம்புள்ள தனியா ரூம்ல உக்காந்து அழும்"ன்னாங்க. அவங்க சொன்னது தப்புன்னு நான் இப்பவும் சொல்ல மாட்டேன். 'நான் நல்லா இருக்கேன், நீங்க உடம்பைப் பாத்துக்குங்க'ன்னு எழுதினேன். அதுக்கப்பறம் அந்த வரி என் நாக்குல ஒட்டிக்கிச்சு. தஹ்மீனாவுக்கு டெங்கு வந்து ஆஸ்பத்திரியில கிடந்தப்ப, "நல்லா இருக்கோம்." புயல்ல கொல்லைச் சுவரு விழுந்தப்ப, "நல்லா இருக்கோம்." கர்ப்பப்பையை எடுத்துட்டுத் தையல் பிரிக்காமப் படுத்துக் கிடந்தப்ப, "லேசா ஜலதோஷம், மத்தபடி நல்லா இருக்கேன்."

மலர்க்கொடிகிட்ட இதெல்லாம் நான் சொல்லல. ஆனா அந்தப் பொண்ணு எதையோ கண்டுக்கிச்சு. "எங்கம்மா நாள் பூரா நாத்து நட்டுட்டு வருவாங்க. இடுப்பு வலிக்குதுன்னு ஒரு நாள்கூடச் சொன்னதில்ல. ஆனா கீழ உக்காரறப்ப மூஞ்சியைப் பாத்தாத் தெரிஞ்சுரும். எங்களுக்கு அது போதும்"ன்னுச்சு. அப்பறம் அவரை உள்ள கூப்பிட்டுக் கடைசி வேலையைக் குடுத்துச்சு. "இந்த வாரம் ஐயா முன் ரூம்ல, அம்மா உள் ரூம்ல. நடுவுல கதவு தொறந்தே இருக்கணும். ஆனா பேச்சு போன்ல மட்டும்தான்."

மொத நாள் ரெண்டு பேரும் வெக்கப்பட்டுக்கிட்டுத் தரையைப் பாத்துக்கிட்டே பேசினோம். ரெண்டாவது நாள் வியாழக்கிழமை. மறுநாள் சித்தீக்குக்குப் பதில் சொல்லியாவணும்.

நாலரைக்கு மணி அடிச்சுச்சு. நான் உள் ரூம்ல கட்டில்ல உக்காந்திருந்தேன். எட்டு அடி தள்ளி அவரு சேர்ல. நடுவுல கதவு தொறந்து கிடக்கு. சலாம் சொன்னாரு, சாப்பிட்டியான்னு கேட்டாரு. கொஞ்சம் இருமிக்கிட்டாரு. "ரசியா, நாளைக்கு சித்தீக்குக்குப் பதில் சொல்லணும். நான் போகவா? நீ என்ன சொல்றே?"

கேட்டுட்டாரு. நாலு வாரமா நான் எதுக்காகக் காத்துக்கிட்டு இருந்தேனோ அந்தக் கேள்வியைக் கேட்டுட்டாரு. போகாதீங்கன்னு ஒரு வார்த்தை. அதைச் சொல்லத்தான் வாயைத் தொறந்தேன். ஆனா போன் காதுல இருக்கு, நேரம் நாலரை. என் வாயிலேருந்து வந்தது என்ன தெரியுமா?

"நீங்க கவலைப்படாமப் போயிட்டு வாங்க. இங்க எல்லாம் நல்லாத்தான் இருக்கு. நான் பாத்துக்கறேன்."

சொல்லி முடிச்ச பிறகுதான் என்ன சொன்னேன்னு எனக்கே உறைச்சுச்சு. பதறிப் போயி நிமிந்து பாத்தேன்.

போன்ல அவரு குரல் கலகலன்னு வந்துச்சு. "அல்ஹம்துலில்லாஹ்! நீ தைரியமா இருக்கேல்ல, அது போதும் எனக்கு. சந்தோஷமாப் போயிட்டு வர்றேன்."

ஆனா நான் அவரு முகத்தைப் பாத்துக்கிட்டு இருக்கேன். முகம் அப்படியே விழுந்து போச்சு. உதடு நடுங்குது. ஒரு கையால கண்ணைப் பொத்திக்கிட்டு, இன்னொரு கையில போனைப் பிடிச்சுக்கிட்டு, சிரிச்ச குரல்ல பேசறாரு. யா அல்லாஹ். முப்பத்திமூணு வருஷமா நான் நல்லா இருக்கேன், நீங்க அங்கேயே இருங்கன்னு சொன்னப்பல்லாம் இந்த முகம் இப்படித்தான் இருந்துச்சா? அவரு சிரிச்சுச் சிரிச்சுப் பேசினதெல்லாம் இந்த முகத்தை வச்சுக்கிட்டுத்தானா? நான் ஒரு தடவைகூடப் பாக்கலையே. இந்த வீட்டுக்குத் தான் தேவையில்லன்னு அவருக்கு நான்தானே பாடம் நடத்தியிருக்கேன், தெனமும் நாலரை மணிக்கு.

"சரி, வச்சுரட்டுமா?"ன்னாரு.

"வைக்காதீங்க. எனக்கு நல்லா இல்லங்க."

கண்ணுலேருந்து கையை எடுத்தாரு. நிமிந்து என்னைப் பாத்தாரு. போன் இன்னும் ரெண்டு பேரு காதுலயும் இருக்கு.

"என்ன செய்யுது?" குரல்ல இப்ப அந்தக் கலகலப்பு இல்ல. "எப்பலேருந்து?"

"தொண்ணூத்தி ரெண்டுலேருந்து."

அவரு போனை மெதுவாச் சேர்ல வச்சுட்டு எழுந்தாரு. எட்டு அடி நடந்து வந்து, தொறந்து கிடந்த கதவுல டக் டக்குன்னு ரெண்டு தட்டு தட்டினாரு.

"வாங்க"ன்னேன்.

வந்து கட்டில்ல உக்காந்தாரு. ஓரத்துல இல்ல, என் பக்கத்துல. "சொல்லு"ன்னாரு. வாயால, நேரா என்னைப் பாத்து.

"வீட்டுக்குள்ள பேசக்கூடாதுன்னு அந்தப் பொண்ணு சொல்லிருக்கே."

"அது கிடக்கட்டும். நீ சொல்லு."

என் காதுல இன்னும் போன் இருந்துச்சு. அதை எடுத்துத் தலகாணிக்குக் கீழ வச்சேன். அவரு அவசரப்படுத்தல, முழங்காலைப் பிடிச்சுக்கிட்டுக் காத்துக்கிட்டு இருந்தாரு.

"நீங்க போயி மூணாவது மாசம், பங்குனியில, நான் உங்களுக்கு ஒரு லெட்டர் போட்டேன்ல"ன்னு ஆரம்பிச்சேன். "அதுல ஒரு விஷயம் எழுதல."